சாகமாட்டேன் என்கிற ரத்னாக்காவுக்கு

கம்பெனி பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்த என் ரத்னாக்கா,

நான் வேலையை விட்டுவிட்டேன். நிஜமாகத்தான். இன்ஸ்பெக்‌ஷனில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்த அதே வேலையை. ஓசூரில் யாரிடம் சொன்னாலும், "உடம்புக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கதை எழுதப்போகிறேன் என்றால் இன்னும் பயந்துபோகிறார்கள். என் வீட்டுக்காரர், "ரிட்டையராக இன்னும் நாலு வருஷந்தானே? பல்லக் கடிச்சிகினு இருக்கக்கூடாதா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன!

எழுதுவது உன்னைப் பற்றித்தான். பாழாய்ப்போன சிக்கல் என்னவென்றால், கதையில் எல்லாருமே உன்னைப்போலப் பேசுகிறார்கள். பஸ் டிரைவர்கூட "வத்தண்டே வத்து!", வேண்டாமென்றால் வேண்டாம், என்று உன் தெலுங்கில் அதட்டுகிறார். அடித்துவிட்டு எழுதினால் மறுபடியும் நீ. அடுப்படியில் நிற்கும்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாய். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது, அக்கா. திரும்பினால் இருக்கமாட்டாயே!

கடைசி அத்தியாயம் ஆஸ்பத்திரி. அங்கே வந்தால் கை ஓடவில்லை. உன்னைக் கட்டிலில் படுக்கவைக்கிறேன். நீ எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "பஸ் வந்துடுச்சா செல்வி?" என்கிறாய். நான் என்னதான் செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளிக்குப் போனேன், உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லையா? நானே வாசித்துக் காட்டினேன். நீ சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்ற இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அவளேதாம்மா! அச்சு அசல் அவளேதான்!"

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "கடைசியில அவள என்னம்மா பண்ணப்போற?"

நான் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன்.

"உட்ரும்மா. அதுலயாச்சும் இருக்கட்டும்."

திரும்பி வருகிற பஸ்ஸில், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். உன்னை உயிரோடு விட்டால் புத்தகம் பொய். சின்னக் கீறல் விழுந்த பீஸைக்கூட நீ பாஸ் பண்ணினதில்லை. எழுதி முடித்துவிட்டாலோ, என் பின்னால் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? முடிக்காமல் விட்டால் நான் எதற்கு வேலையை விட்டேன்?

கையடித்துச் சொல்கிறேன், அக்கா. உன் சாவை எழுதுவேன், நடந்தது நடந்தபடி. நீ எழுந்து உட்கார்ந்தால் உன் கையைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டு எழுதுவேன். புத்தகம் வந்ததும் அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போவேன். கடைசி அத்தியாயத்தில் மட்டும், பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வேறொன்றை வாசிப்பேன். ஷிப்ட் முடிந்து நீ வீட்டுக்கு வருகிறாய். செருப்பைக் கழற்றுகிறாய். "காபி போடட்டா?" என்று அவரைக் கேட்கிறாய்.

இதைப் படிக்கிற புண்ணியவான்களே, உத்தனப்பள்ளிப் பக்கம் போனால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி