காலை பத்து, மாலை நாலு

மார்ச் 4

கடையில் ஏழு கால்சட்டைக்கு அடி மடித்துத் தைத்துவிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போகிறது. இவர் விமான டிக்கெட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அங்கேயே கல்யாணம். அப்பா வராவிட்டால் தள்ளிவைப்பேன் என்று அவள் அடம். இவரோ முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எட்டு மணி நேரத்துக்கு மேல் எவன் ஓட்டினாலும் கண் செருகும், அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரு மாசமாக ஒற்றைக் காலில் நின்றார்.

இன்று முகமெல்லாம் பல். “காலையில பத்துக்கு எடுக்கிறான், சாயங்காலம் நாலுக்கு இறக்கிடுறான். ஆறு மணி நேரம்தானே! போலாம்.”

அப்பாடா.

மார்ச் 5

அப்பாடாவாவது ஒன்றாவது! டிக்கெட் போட்டுக் கொடுத்த தம்பியைக் கேட்டேன். “அக்கா, நாலு மணிங்கிறது அந்த ஊர்க் கடிகாரம். அது நம்மளைவிட எட்டு மணி நேரம் பின்னாடி. மொத்தம் பதினாலு மணி நேரம் பறக்கணும்” என்றான்.

பஸ் டிரைவர் கணக்கு! கிளம்பின நேரம், சேர்ந்த நேரம், கழித்தால் முடிந்தது. இவர் வண்டி எந்த ஊருக்குப் போனாலும் கடிகாரம் ஒன்றுதானே.

சொல்லிடவா? சொன்னா வரமாட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 11

தம்பிக்குப் போன் போட்டு எத்தனை கிலோமீட்டர் என்று இவர் கேட்டாராம். பதினோராயிரத்துச் சொச்சம் என்று சொல்லியிருக்கிறான். சாப்பிடும்போது தட்டிலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தார். போச்சு, இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

மார்ச் 12

புது ஷூ வாங்கிவந்திருக்கிறார். ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 19, விமானத்தில்

ஆறு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இப்ப கேப்பார், இப்ப கேப்பார்னு — கேட்கவே இல்லை. கடைசியில் நானே உளறிவிட்டேன்.

“தெரியும்டி. ஆறு மணி நேரத்துல அவ்வளவு தூரம் எந்த வண்டி போகும்? கிலோமீட்டர் கேட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீ பயந்துடுவேன்னுதான்.”

பக்கத்து இருக்கைக்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். “உங்களுக்குப் பயமில்லையா?” என்றேன்.

“இருக்கு. அதுக்காக? பொண்ணு கல்யாணமாச்சே.”

இந்த மனுஷனை நான் இத்தனை நாள் பிடிவாதக்காரர் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், மகள் போட்டாள். சாட்சியாக முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீ முதல்ல போடு. எனக்குக் கோடு தெரியலை.”

மகள் தன் கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.