கேஜ் மேல வர்ற வரைக்கும்

நேத்ராவோட அப்பாவுக்கு,

துரை அண்ணன் உங்கள ஓசூர்ல பாத்தேன்னாரு. அவரு கையிலயே இத குடுத்தனுப்பறேன். ரொம்ப எளைச்சிட்டீங்களாமே.

நம்ம பொண்ணுக்கு பி.காம். சீட்டு கெடச்சிருக்கு. ஸ்காலர்ஷிப்புக்குப் போட ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். கல்யாணமான புதுசுல எனக்கு மசால் தோசை வாங்கிக் குடுப்பீங்களே, அந்த ஓட்டல் இருந்த எடந்தான்.

அங்க வேலை செய்யற லதா, "அப்பா இல்லாத பொண்ணுங்களுக்கு ஒரு டிரஸ்ட்டு முழு ஃபீஸும் கட்டுதுக்கா. அவரு வீட்ட விட்டுப் போயி இத்தினி வருசமாச்சு, இல்லன்னே போட்டுடலாமா?"ன்னு கேட்டா.

நேத்ராதான் சொன்னா: "வேணாங்க. கேஜ் மேல வர்ற வரைக்கும், கீழ போனவங்கள இல்லன்னு சொல்லக்கூடாது."

தங்கச் சுரங்கத்துல விபத்துன்னு சங்கு விடாம ஊதுனா, பொம்பளைங்க ஷாஃப்ட் குழி வாசல்ல, ஆளுங்கள ஏத்திக்கினு கேஜ் லிஃப்ட் மேல வருதான்னு பாத்துக்கினு அழாம நிப்பாங்களே, அந்தப் பேச்சு அது. உங்கம்மா அப்படி நின்ன கதைய, நந்திதுர்க் சுரங்க மேட்டுல நம்ம பொண்ண தோள்மேல வெச்சிக்கினு நீங்கதான் சொல்வீங்க.

இப்ப சர்க்கார் ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் போட்டிருக்கோம். பாதி ஃபீஸ்தான் வரும். மீதிய நான் பாத்துக்கறேன்.

அந்த ஃபாரத்துல நேத்ரா உங்க பழைய நம்பரத்தான் குடுத்திருக்கா. ரிங் போவுதாம். எப்படித் தெரியும்னு நான் கேக்கல.

ஸ்காலர்ஷிப் ஆபீஸ்லேந்து விசாரிக்கக் கூப்புடுவாங்களாம். எடுத்து, இருக்கேன்னு சொல்லுங்க, போதும். எங்கன்னு சொல்ல வேணாம்.

நேத்ராவோட அம்மா