மூன்றாவது பெஞ்சில் என் மகள்

மே 19, திங்கள்

இந்த வாரத்தோடு வகுப்பு முடிகிறது. கோடை விடுமுறையில் ஆறாவது முதல் எட்டாவது வரை உள்ள பிள்ளைகளுக்கு வியாபாரம் சொல்லித்தர ஆள் வேண்டுமென்று தலைமையாசிரியை கேட்டார். செருப்புக் கடையை மேனேஜர் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்தேன். நல்ல மனசு என்கிறார்கள். மனசாவது மண்ணாங்கட்டியாவது! மூன்றாவது பெஞ்சில் என் மகள் உட்காருகிறாள். அதற்குத்தான் வந்தேன்.

நாங்கள் பிரிந்தபோது அப்பாவோடு இருக்கிறேன் என்று அவளாகவே போனாள். எப்போதாவது ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து, சாப்பிட்டியா, படிக்கிறியா. அவ்வளவுதான். இங்கே தினமும் பார்க்கிறேன். மற்றவர்களைப் போல அவளும் "மிஸ்" என்கிறாள்.

மே 20

பேரம் பேசும் பாடம். "முதல்ல யாரு விலைய சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. பொருள் வேணும்னு ஆசைய முகத்துல காட்டவே கூடாது" என்றேன்.

வகுப்பின் வாயாடி எழுந்தான். "அப்போ பசிக்குதுன்னு எங்கம்மாகிட்டகூட சொல்லக் கூடாதா மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

மே 21

கடையில் சரக்கு இறங்கியது. வகுப்பில் பார்த்தேன், மகளின் ஷூ விரலைக் கடிக்கிறது, நடையிலேயே தெரிகிறது. ஊரில் பாதிக் கால்களுக்கு என் கடைச் செருப்புதான்!

மே 22

ஜோடி ஜோடியாகப் பேரம். மகளுக்கு ஜோடி இல்லை. நானே எதிரில் உட்கார்ந்தேன். அவள் பென்சில் டப்பாவை விற்க வேண்டும், நான் வாங்க வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவள் நானாயிற்றே, நானும் திறக்கவில்லை. டப்பாவுக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிஸ், ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்களா?" என்றான் வாயாடி.

மணி அடித்துவிட்டது. அவள் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

முதலில் பெருமையாக இருந்தது, என் பிள்ளை என்று. அப்புறம்தான் உறைத்தது. வீட்டிலும் இப்படித்தானே இருந்தோம்? அவள் கேட்கட்டும் என்று நான், நான் கூப்பிடட்டும் என்று அவள்.

மே 23, வெள்ளி

கடைசி நாள். பிள்ளைகள் பூங்கொத்து கொடுத்தார்கள். வாயாடி பின்னாலிருந்து, "அடுத்த வருஷமும் வாங்க மிஸ், உங்க கிளாஸ்லதான் தூக்கம் வரல" என்றான்.

கேட் அருகே அவளை நிறுத்தினேன். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் போயே போச்சு. "நீ வீட்டுக்கு வரணும். எனக்கு வேணும். உன்ன பாக்காம என்னால முடியல. ஞாயித்துக்கிழம வா, எப்ப வேணா வா"— உளறிட்டேன். கண்ணுல தண்ணி வேற. வியாபாரியாம்!

"அப்பாகிட்ட கேக்கணும், மிஸ்." போயிட்டா. அப்பவும் மிஸ்ஸாம்.

மே 25, ஞாயிறு

வரவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.

மே 28

பழக்கத்தில் இன்று பள்ளிக்கூடப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டேன். கேட் பூட்டிக் கிடந்தது. அந்தப் பெஞ்சைத் துடைத்திருப்பார்களோ?

ஜூன் 1, ஞாயிறு

காலையிலேயே அவள் அப்பா கொண்டுவந்து விட்டுப் போனார். டிவி பார்த்தாள், ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள், தூங்கினாள்.

சாயங்காலம் கீழே அவள் அப்பாவின் ஹாரன் சத்தம். உடனே துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். காலையிலேயே குளித்தவள்தான். உள்ளே தண்ணீர் விழுகிறது, ஆள் நனைகிற சத்தமே இல்லை.

மறுபடியும் ஹாரன். பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

"குளிக்கிறா. லேட்டாகும்."

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"தெரியல," என்றேன்.