மலைக்கும் அதே விலை

ஜனவரி 9
தபால்தலை விலை இன்றிலிருந்து ஏறிவிட்டது. ஏறின காசை நான் வீட்டுக்கு எடுத்துப் போவதுபோல் தபால் ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லாரும் முறைத்தார்கள். மாலையில் தம்பி வந்தான். கூரியர் தொழிலுக்குப் புது வேன் வாங்கியிருக்கிறான். கடிதம் கொண்டுபோகும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும் எதற்கு என்று சாப்பிட்டு முடிக்கும்வரை பேசினான். "போட்டி வந்தாத்தான்க்கா உங்களுக்கெல்லாம் புத்தி வரும்." முழுக்கத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தபால் நிலையத்துப் பசைக் கிண்ணம் மழைக்காலத்திலிருந்து காய்ந்து கிடக்கிறது.

பிப்ரவரி 3
சட்டம் மாறிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் கடிதம் கொண்டுபோகலாம். ஊருக்குள் பாதி விலை என்று தம்பி பலகை மாட்டிவிட்டான். அதன் கீழே பெரிதாக, ‘எங்கும் சேர்ப்போம்’.

பிப்ரவரி 24
வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி — எல்லாக் கடிதமும் அவனிடம். எங்களுக்கு மிச்சம் மலைமேல் இருக்கிற வீடுகள். ஒரே ஒரு கடிதத்துக்காகத் தபால்காரர் பஸ் பிடித்து, மேலே ஏறி, மூச்சு வாங்கத் திரும்பி வருகிறார். பக்கத்துத் தெருக் கடிதத்தில் மிஞ்சின காசில்தான் இத்தனை வருஷம் அதே விலையில் அந்தக் கடிதம் மலையேறியது. பக்கத்துத் தெருக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்? தெரியவில்லை. அவரை யாரும் கேட்டதும் இல்லை.

மார்ச் 4
ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். வழி கேட்டார். தம்பி கடைக்கு.

மார்ச் 12
தம்பி ஒரு கட்டுக் கவரோடு வந்து நின்றான். எல்லாம் மலை விலாசம். "மேல வண்டி விட்டா டீசலுக்கே கட்டாதுக்கா." தபால்தலை விலை அநியாயம் என்றும் சொன்னான். தபால்தலையை அவனுடைய ‘எங்கும் சேர்ப்போம்’ ஸ்டிக்கர் மேலேயே ஒட்டச் சொன்னேன். கவரில் வேறு இடமில்லை.

மார்ச் 20
நஷ்டமாம். மாதக் கடைசியில் தபால் நிலையத்தை மூடுகிறார்கள். எனக்கு வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். பொண்ணுக்குப் பரீட்சை வருதே — யார் பாத்துப்பா? பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். காலித் தபால் பையில் முகம் துடைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு வேலை வேண்டுமே.

தம்பியிடம் சொன்னேன். "அப்ப மலைக்கு யாரு கொண்டுபோவா?" என்றான். என்னைப் பற்றின அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். வரவில்லை. படுபாவி.

மார்ச் 24
மூடக் கூடாது என்று ஊரில் மனு. முதல் கையெழுத்து தம்பி. லாப நஷ்டம் பார்ப்பது அரசாங்கத்துக்கு அழகல்ல என்று எழுதியதும் அவன்தானாம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப என் ஜன்னலுக்கே வந்தான். உன் வேனில் அனுப்பலாமே என்றேன். பதிவுத் தபாலில் போடச் சொன்னான்.

"போய்ச் சேரணும்லக்கா."

ஏப்ரல் 8
மூடவில்லை. நான் இங்கேயேதான். அதற்குப் பதிலாகத் தபால்தலை விலையை மறுபடி ஏற்றிவிட்டார்கள். முதல் ஆளாகத் தம்பி தன் கட்டோடு நின்றான். பசை எங்கே என்று மட்டும் கேட்டான்.

"மலைக்குத்தான் யாரும் போட்டிக்கு வரலையேடா" என்றேன், காய்ந்த கிண்ணத்தைக் காட்டி.

நாக்கால் ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக ஒட்டினான்.