ஊசி போட்டுக்கொண்ட மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை,

தேனி ஆஸ்பத்திரியில் நேற்று என் மானம் கப்பலேறியது. வராந்தா நிறைய ஆட்கள். நர்ஸ் தலையை நீட்டி, "ஆம்பளை ஹார்மோன் டெஸ்ட்டுக்கு வந்தவுக யாரு?" என்று கூவினார். அந்தப் பாவி யாரென்று நானும் சுற்றிப் பார்த்தேன். "அப்பா, நீங்கதான்" என்றாள் என் மகள்.

கையில் வைத்த ஸ்பிரிட் பஞ்சின் வாடையில் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முந்தியே கம்பத்து ஜிம்முக்காரனிடம் ஊசி போடத் தொடங்கியவன் நீ. தோட்டத்துக்கு வந்தால் இதே வாடை. திராட்சைக் குலையை மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னாய்: "குலைக்கு ஹார்மோன் குடுத்தா காய் பெருக்குதுல்ல மாப்ள? ஆம்பளைக்கும் அதேதான்." பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதிய என் தலையும் ஆடியது. அந்தத் திராட்சையில் விதையே கிடையாது என்பது நம் இருவருக்குமே உறைக்கவில்லை.

எனக்கு ரிசல்ட்டில் குறையில்லை, என் அசதிக்குத் தூக்கம் போதாததுதான் காரணமாம். "எதுக்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்களேன்" என்றேன். டாக்டரம்மா முறைத்தார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவு சுரப்பி இருக்கு. அது அனுப்புற ரெண்டு ஹார்மோன்தான் விரையை வேலை வாங்குது. ஒண்ணு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லும், இன்னொண்ணு விந்தணு உருவாக உதவும். ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் கூடுனா, போதும்னு மூளை ரெண்டையும் குறைச்சிரும். ஊசியில ஏறுனதா, உள்ள சுரந்ததான்னு அதுக்குத் தெரியாது. விரை சும்மா கெடக்கும், விந்தணு வத்திப்போகும்."

உன் கதையைச் சொன்னேன். "ஊசியை நிறுத்தியிருந்தா பெரும்பாலும் விந்தணு திரும்பியிருக்குமே" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. விற்றவன் ஒரு வார்த்தை சொன்னானா? நீதான் கேட்டாயா? தங்கச்சியை மதுரைக்கு இழுத்துப்போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாய். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். உன்னைக் கூப்பிட்டதற்கு, "நான் ஆம்பளை, எனக்கெதுக்கு?" என்று மீசையைத் தடவினாய். குமுளி இறக்கத்தில் ஜீப் கவிழ்ந்து நீ போன பிறகும் வசவு அவளுக்குத்தான்.

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, நேரே காமயகவுண்டன்பட்டியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார்: "இந்த மலடி வந்து எம் மகன் வம்சமே அத்துப்போச்சு."

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை அசைத்தாள். "அண்ணே, காப்பி ஆறுது."

வாசல் வரை வந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியும்ணே. அவுக போயிட்டாக. அத்தைக்கு மகன் பெருமை ஒண்ணுதான் மிச்சம். விட்டுருங்க."

விட்டுவிட என்னால் முடியவில்லை, மாப்பிள்ளை. உன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்:

அத்தே, கோளாறு இவகிட்ட இல்ல. ஒங்க மகன் போட்ட ஊசியில இருந்துச்சு.