திருத்திய பதிப்பு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

புத்தகம் வெளிவந்துவிட்டது! எத்தனை பதிப்பகங்கள் கைவிரித்த நாவல்! இனி எவர் தயவும் வேண்டாம், நானே மின்னூலாக ஏற்றிவிட்டேன். அட்டையில் நம் வீட்டு ஜன்னல், நீ எடுத்த படம். கேட்டால் ஒரே ஒரு பிரதிகூட அச்சடித்து அனுப்புவார்களாம். இன்னொரு வசதி, மின்னூலில் பிழை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வாங்கியவர்கள் போனிலும் மாறிவிடும். அச்சில் வந்துவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு வருஷமாக விடுமுறைக்கும் வீட்டுக்கு வராமல் இந்த வெளிநாட்டு அறையில் உட்கார்ந்து எழுதியது வீண்போகவில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் எழுத்தாளனாகிவிட்டேன், பார்த்தாயா! படித்துவிட்டு எழுது. போனில் வேண்டாம், நீ திட்டினால் எனக்குப் பதில் வராது.

உன்
மிஸ்டர் எழுத்தாளர்

மார்ச் 19

எழுத்தாளர் ஐயா அவர்களுக்கு,

கண்ணாடிக் கடை வேலைக்கு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு நன்றாக இருக்கிறது. நம் சமையலறைக் குழாய் ஒழுகுவதுகூட வருகிறது. (அது இன்னும் ஒழுகுகிறது.)

ஆனால் கடைசி அத்தியாயத்தில் கணவன் திரும்பி வருகிறான்; அவள் ஒரு வார்த்தை கேட்காமல் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். அவள் மனுஷியா, திரைச்சீலையா? "என்ன அருமையான மனைவி!" என்று வாசகர்கள் வேறு உருகியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது. கதையில் வந்து சேர்ந்துவிட்டீர்கள், அதோடு உங்கள் ஏக்கம் தீர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. திருத்தலாம் என்றீர்களே, அதைத் திருத்துங்கள்.

வாயாடி

ஏப்ரல் 2

அடி வாயாடி,

நீ சொன்னால் அப்பீல் உண்டா? திருத்திவிட்டேன். இப்போது கதை காலிங்பெல் அடிப்பதோடு முடிகிறது. அவள் கதவைத் திறக்கிறாளா, என்ன கேட்கிறாள், எல்லாம் உன் இஷ்டம்.

பதினைந்தாம் தேதி வீட்டில் இரு. ஏன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

உன்
எழுத்தாளர்

ஏப்ரல் 16

என்னங்க,

நேற்று லீவு போட்டேன். பிளம்பரை வரவழைத்துக் குழாயைச் சரிசெய்தேன். கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீடே பளபளன்னு இருக்கு, யாரு வர்றாங்க?" என்றார். "அவர்தான்க்கா" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் சும்மா இருக்குமா?

சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. உங்கள் கதையில் முதலில் வந்தவளைப் போலவே சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டார். பிரித்தால், அச்சிட்ட பிரதி. முதல் பக்கத்தில் 'வாயாடிக்கு' என்று போட்டிருக்கிறீர்கள்.

அழகான புத்தகம்தான். கடைசிப் பக்கத்தில் காலிங்பெல் அடிக்கிறது. அச்சில் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரே வரி எழுதுங்கள். எழுதியதைத் திருத்தாமல் அனுப்புங்கள்.

உங்கள் மனைவி