கண்ணாடி அறை

ஜெர்சி சிட்டி

அன்புள்ள உனக்கு,

நீ புதுப்பிக்கிற அந்த யூத ஜெப ஆலயத்தின் மேல் எனக்குப் பொறாமை. சிரிக்காதே. அறுபது வருஷக் கான்கிரீட் சுவரில் விரிசல் என்றால் அரை நாள் தடவிப் பார்க்கிறாய். பாப்பாவுக்கு எட்டு மாசமாகியும் என் ஆபரேஷன் தையல் இழுக்கிறது. அதைக் கேட்டாயா?

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அங்கே வேலை கூடாது என்பதால் அன்று மட்டும் வீட்டில் இருக்கிறாய். அன்றும் அதன் போட்டோக்களைத்தான் பார்க்கிறாய்.

"ஒரிஜினல் டிசைனை டச் பண்ணக் கூடாதுடி. கட்டினவர் மனசு புரியணும்" என்றாய் நேற்று.

"நான் ஒரிஜினலா எப்படி இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"ஜிம்ல சேரேன்!"

நான் கேட்டது உடம்பை அல்ல. காலேஜில் உன்னைவிட நன்றாக வரைந்தவளை.

இன்று பாப்பா தூங்கியதும் உன் வரைபடங்களைப் பிரித்தேன். பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை. அழும் குழந்தையோடு வரும் தாய் உட்கார்ந்து பிரார்த்தனையைப் பார்ப்பதற்கு என்று பழைய தாளில் குறித்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு நீ 'ஏசி மெஷின்' என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு ஜன்னலையும் மதித்த உனக்கு அவள் மட்டும் கண்ணில் படவில்லை.

மெஷினுக்குப் படிக்கட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பென்சிலில் வரைந்து உன் லேப்டாப் மேல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் யார் வரைந்தது என்று கேட்பார்கள். 'என் ஒய்ஃப்' என்று சொல்லாதே. என் பெயரைச் சொல்.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவள்